பூட்டுப் போட்ட பதிவு

பதினோரு வருடம் உழைத்த பெட்டி
செவ்வாய் இரவு முதல்
பல்லி மாதிரி சொல்கிறது.
டிக். டிக்டிக். கொஞ்சம் மௌனம். டிக்.
ஹார்டு டிஸ்க் போச்சு அங்கிள் என்கிறான்
கீழ்வீட்டுப் பையன்,
பலன் பார்க்கத் தெரிந்தவன் போல.

வைஜெயந்திக்கு மாலைப் பணி,
கடற்கரை நிலையத்தில் டிக்கெட் கவுன்ட்டர்.
கடைசிக்கு முந்தைய ரயிலில் ஏறி
வில்லிவாக்கத்தில் இறங்கி
சோற்றில் மோர் ஊற்றும்போதுதான்
அவளுக்கு ஏழரை மணி தொடங்கும்.
விளம்பரங்களைத் தாண்டுவாள்.
மாமியார் அழுவதையும் தாண்டுவாள்.
அரை மணி நேரத் துக்கம்
ஒன்பது நிமிடத்தில் முடியும்.

சனிக்கிழமை, ரிச்சி தெரு.
நடைபாதையில் ரிமோட்டுகளைக்
கூறு கட்டி வைத்திருக்கிறார்கள், வெண்டைக்காய் போல.
இம்தியாஸ் கடையில் ஒரு ஸ்டூல், ஒரு மின்விசிறி.
"ஒரே நேரத்துல என்னென்ன ஓடும் சார் வீட்ல?"
எத்தனை நாளா வலி என்று கேட்கும் குரல்.
ஏழரைக்கு அவள் தொடர்.
ஏழரைக்கே என் கபடி.
மகன் போனுக்குள் குடியிருக்கிறான்,
கணக்கில் சேர்க்க வேண்டாம்.

"அப்போ ரெண்டு ட்யூனர். ஒண்ணு பார்க்க, ஒண்ணு பிடிக்க.
ஐநூறு ஜிபி போதும்.
ஒரு டிபின்னா ஆயுசுக்கும் வரும்."
ஆயுசு என்ற சொல்லை
வாரண்டி ஒரு வருஷம் என்ற சொல்லுக்கு
மிக அருகில் வைத்தான்.
இன்னொரு வகை இருக்கிறதாம்,
பதிவை வானத்தில் வைத்துக்கொள்ளுமாம்.
எங்கள் தெருவில் மழை வாசனை வந்தாலே
நெட் போய்விடும் என்றேன்.
அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டான்.

"பழசைக் கொண்டாங்க, அறுநூறு கழிச்சுக்கலாம்."
"அதுல இருக்கிறதெல்லாம் புதுசுக்கு வருமா?"
"வராது சார். அந்தப் பெட்டி எழுதினதை
அந்தப் பெட்டிதான் படிக்கும்."

நல்லதாப் போச்சு.
வராமல் போக வேண்டிய ஒன்று அதில் இருந்தது.
பட்டியலின் அடியில்,
பக்கத்தில் சின்னப் பூட்டுப் படத்தோடு:
வினாடி வினாவில்
முதல் கேள்வியிலேயே நான் வெளியேறியது.
பாலாறு எந்த மாநிலத்தில் பிறக்கிறது என்றார்கள்.
ஆந்திரா என்றேன்,
ஆற்றை அங்கிருந்து கையோடு கூட்டி வந்தவன் மாதிரி.
அழிக்க நான்கு இலக்க எண் வேண்டும்.
அது அவளுக்கு மட்டும் தெரியும்.
பொங்கலுக்கு அவள் அண்ணன்கள் வந்தால் போட்டுக் காட்டுவாள்.
நான் பால் வாங்கப் போய்விடுவேன்.
பொங்கலன்று எங்கள் வீட்டில்
எப்போதும் பால் மிஞ்சும்.

வீடு திரும்பினேன். அவள் பணியில்.
பெட்டியின் தலையில் இரண்டு தட்டு.
டிக். அப்புறம், அதற்கு என்ன தோன்றியதோ,
படம் வந்தது.
மெலிந்த நான். இரவல் கோட்டு.
வாய் திறப்பதற்குச் சற்று முன்
கேமரா பார்வையாளர் பக்கம் திரும்புகிறது.
மூன்றாவது வரிசை, கடுகு நிறப் புடவை.
கை இரண்டும் மடியில்.
உதடு மட்டும் அசைகிறது.

நிறுத்தினேன். பின்னால் ஓட்டினேன். மறுபடி.
கர்நாடகா.
சத்தமில்லாமல்,
நான் பார்க்காத பக்கத்திலிருந்து.

நான்காவது முறை பெட்டி நின்றுவிட்டது.
கறுப்புத் திரையில் என் வழுக்கை.

திங்கட்கிழமை ஐநூறு ஜிபி, இரண்டு ட்யூனர்.
"பழசு எங்க சார்?"
"தண்ணி பட்டு வீணாப் போச்சு."
முழு விலை.

இரவு ரசீதைப் பார்த்தவள் கேட்டாள்:
"பழசுக்கு ஒண்ணும் கழிக்கலையா? எங்க அது?"
பரணில், பழைய கூலருக்குப் பின்னால்,
பெட்ஷீட் சுற்றி.
தெரியலையே என்றேன்.

"முதல் கேள்விக்கே இப்படியா" என்றாள்,
மோரை ஊற்றியபடி
ஏழரையைத் தொடங்கினாள்.